முதல் கம்ப்யூட்டர் எது? கொலோசஸ் என்று எழுதிய மகளுக்கு மார்க் இல்லை

தேரடித்தெரு எழுதியது:

வணக்கம். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போன வாரம் அவள் பள்ளியில் வினாடி வினா வைத்தார்கள். "உலகின் முதல் மின்னணுக் கணினி எது?" என்று ஒரு கேள்வி. மற்ற பிள்ளைகள் எல்லாம் எனியாக் என்று எழுத, இவள் மட்டும் கொலோசஸ் என்று எழுதியிருக்கிறாள். தவறு என்று போட்டுவிட்டார்கள். மார்க் போனது அவளுக்குப் பெரிசாகத் தெரியவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "நான் லைப்ரரியில படிச்சது பொய்யாப்பா?" என்று கேட்டாள். அதுதான் மனசில் கிடந்து உறுத்துகிறது.

நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். கம்ப்யூட்டரில் பில் போடத் தெரியும், அதோடு சரி. விஷயம் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவளிடம் நான் என்ன சொல்லட்டும்?

பெர்லின்வாசி எழுதியது:

எனியாக்கும் இல்லை, கொலோசஸும் இல்லை. கொன்ராட் ட்சூசே. மகளை இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கட்டடப் பொறியியல் படித்துவிட்டு விமானத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனவர். ஒரே மாதிரிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சலித்து, வேலையை விட்டுவிட்டு, 1936இல் பெர்லினில் அப்பா அம்மா குடியிருந்த வீட்டுக் கூடத்தில் இயந்திரம் கட்ட உட்கார்ந்துவிட்டார். முதலில் செய்த இசட்1 முழுக்க முழுக்கத் தகடு. நண்பர்கள் இழைவாளால் அறுத்து அறுத்துக் கொடுத்தார்கள். அது அடிக்கடி சிக்கிக்கொண்டது. பிறகு தொலைபேசி ரிலேக்களுக்கு, அதாவது மின்காந்தத்தால் திறந்து மூடும் சுவிட்சுகளுக்கு, மாறினார். 1941 மே 12 அன்று இசட்3 ஓடியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரிலேக்கள், 22 பிட் எண்கள் 64ஐ வைத்துக்கொள்ளும் நினைவகம், இரும எண்முறை, இன்று நாம் மிதவைப் புள்ளி என்று சொல்கிற அதே எண் அமைப்பு, நாடாவிலிருந்து நிரலைப் படிக்கும் வசதி. அந்த நாடா காகிதம் கூட இல்லை. வேண்டாம் என்று ஒதுக்கிய 35 மில்லிமீட்டர் சினிமா பிலிமில் துளை போட்டு ஓட்டினார். அவருடைய கூட்டாளி ஹெல்முட் ஷ்ரேயர் மாணவராக இருந்தபோது தியேட்டரில் படம் ஓட்டியவர்.

1943 குண்டுவீச்சில் இசட்3 அழிந்துபோனது. இசட்1ஐ வயதான காலத்தில் ட்சூசேயே மறுபடி கட்டினார். பெர்லின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டேன். ஒரு கட்டில் அகலத்துக்குத் தகட்டின் மேல் தகடு, இடையிடையே சின்னச் சின்ன ஊசிகள். ஒரு ஊசி இந்தப் பக்கம் இருந்தால் 0, அந்தப் பக்கம் இருந்தால் 1. பிட் என்றால் என்ன என்று எனக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

நீலமலை எழுதியது:

கொலோசஸ் என்றால் ஜெர்மன் சங்கேத இயந்திரம் எனிக்மாவை உடைக்க ஆலன் டூரிங் கட்டினாரே, அதுதானே?

ரிலே_ரூம் எழுதியது:

தம்பி தேரடித்தெரு, உங்கள் மகள் படித்தது பொய் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

நீலமலை, நீங்கள் கேட்ட இரண்டுமே இல்லை. எனிக்மாவை உடைக்க உதவியது பாம்ப் என்ற வேறு இயந்திரம்; அதில்தான் டூரிங்கின் கை உண்டு. கொலோசஸ் கட்டப்பட்டது லோரென்ஸ் என்ற சங்கேத இயந்திரத்துக்காக. கட்டியவர் டாமி ஃபிளவர்ஸ். அவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தொலைபேசித் துறையில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். சேர்ந்தது ஸ்ட்ரோஜர் என்ற பழைய வகைத் தானியங்கி எக்ஸ்சேஞ்சில். ராத்திரி ஷிஃப்டில் ஹாலில் உட்கார்ந்திருந்தால், ஊரில் யாரோ டயல் சுற்றுவது இங்கே காதில் விழும். டக் டக் டக்கென்று இணைப்பைத் தேடும் செலக்டர் மேலே ஏறும், பிறகு பக்கவாட்டில் திரும்பும். எந்த ரேக்கில் சத்தம் தப்பாக வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவோம். பெர்லின்வாசி சொன்ன ரிலேவும் அந்த ஜாதிதான். காந்தம் இழுக்க வேண்டும், இரும்பு அசைய வேண்டும், காண்டாக்ட் தொட வேண்டும். அசைகிற பொருளுக்கு வேகத்தில் ஒரு எல்லை உண்டு, தேய்மானமும் உண்டு. வால்வு என்பது பழைய ரேடியோவில் இருக்குமே, காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்; அதில் அசைவது எலக்ட்ரான் மட்டும். கேள்வியில் "மின்னணு" என்று இருப்பதால் ட்சூசேயின் இயந்திரம் இந்தக் கணக்கில் வராது. அவர் பெருமை அதனால் குறையவில்லை.

ஃபிளவர்ஸ் 1905இல் கிழக்கு லண்டனில் பிறந்தவர். அப்பா கொத்தனார். பகலில் ஊல்விச் ஆயுதசாலையில் அப்ரண்டிஸ், சாயங்காலம் லண்டன் பல்கலைக்கழக வகுப்பு. 1926இல் பிரிட்டிஷ் தபால் துறையில் சேர்ந்தார். அங்கேயும் அப்போது தொலைபேசி தபால் துறைக்குக் கீழேதான். 1930 முதல் டோலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையம். ரிலே செய்கிற வேலையை வால்வை வைத்துச் செய்ய முடியும் என்று போருக்கு முன்பே செய்து பார்த்திருந்தார்.

ஜெர்மன் ராணுவத் தலைமையகங்கள் தங்களுக்குள் செய்தி அனுப்ப வைத்திருந்தது லோரென்ஸ். 12 சக்கரங்கள். 1941 ஆகஸ்ட் 30 அன்று ஒரு ஆபரேட்டர் ஏறத்தாழ 4,000 எழுத்து வரும் செய்தியை அனுப்பினார். எதிர்ப்பக்கம் சரியாக விழவில்லை. சக்கரங்களை மாற்றி வைக்காமல் அதே அமைப்பில் மறுபடி அடித்தார், கை வலித்ததோ என்னவோ, சில வார்த்தைகளைச் சுருக்கிக்கொண்டார். அந்த ஒரு பிழை போதுமானதாக இருந்தது. பிரிட்டிஷ் சங்கேத நிபுணர் ஜான் டில்ட்மன் இரண்டு செய்திகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பிரித்தெடுத்தார். பில் டட் என்ற 24 வயதுப் பையன், லோரென்ஸ் இயந்திரத்தைக் கண்ணால் பார்க்காமலே, எத்தனை சக்கரம், எந்தச் சக்கரத்தில் எத்தனை பல் என்பது வரை காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்.

அமைப்பு தெரிந்துவிட்டது. ஒவ்வொரு செய்திக்கும் சக்கரங்கள் எந்த இடத்தில் தொடங்கின என்று தேடுவதுதான் பாக்கி. அதற்குக் கணிதவியலாளர் மேக்ஸ் நியூமன் யோசனையில் ஹீத் ராபின்சன் என்று ஒரு இயந்திரம் செய்தார்கள். இரண்டு காகித நாடாக்கள் வளையமாக ஒட்டப்பட்டு ஒரே நேரத்தில் ஓட வேண்டும். வேகம் கூடினால் நாடா இழுபடும், ஒன்று மற்றதைவிட ஒரு துளை பிந்தும், எண்ணிக்கை பாழ். சரிசெய்யத்தான் ஃபிளவர்ஸைக் கூப்பிட்டார்கள். அவர் பார்த்துவிட்டு, இரண்டாவது நாடாவே வேண்டாம், சக்கரங்களின் வரிசையை வால்வுகளே உண்டாக்கட்டும் என்றார். மிச்சமிருந்த ஒரே நாடாவின் நடுத்துளைகளையே கடிகாரத் துடிப்பாக வைத்துக்கொண்டார். நாடா வேகம் கூடினாலும் குறைந்தாலும் இயந்திரம் அதோடு சேர்ந்தே நடக்கும். இந்த யோசனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும்.

அதற்கு 1,600 வால்வு வேண்டும். பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் பலர் நம்பவில்லை. வால்வு ரேடியோவிலேயே அடிக்கடி போகிறதே, ஆயிரத்து அறுநூறு என்றால் எப்போது பார்த்தாலும் ஏதோ ஒன்று போயிருக்குமே என்றார்கள். ஃபிளவர்ஸ் தன் அனுபவத்திலிருந்து சொன்ன பதில்: அணைக்காதீர்கள். வீட்டில் குண்டு பல்பு எப்போது போகிறது? பெரும்பாலும் சுவிட்சைப் போடுகிற நொடியில். இழை குளிர்ந்திருக்கும்போது மின்தடை குறைவு, கரண்ட் ஒரேயடியாகப் பாயும். வால்வின் இழையும் அப்படித்தான். எங்கள் கேரியர் ரூமில், தூரத்து அழைப்பின் ஒலியைப் பெருக்கும் வால்வு ரிப்பீட்டர்கள் இருந்த காலத்தில் மூத்தவர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், "தொடாதே, எரியட்டும்" என்பதுதான்.

டோலிஸ் ஹில் தலைவர் கார்டன் ராட்லி துணை நின்றார். ஃபிளவர்ஸ் சொந்தப் பணத்தையும் போட்டார். 1943 டிசம்பரில் டோலிஸ் ஹில்லில் ஓடியது, 1944 ஜனவரியில் பிளெட்ச்லிக்குப் போனது, பிப்ரவரியில் உண்மையான செய்திகளில் வேலையைத் தொடங்கியது. நொடிக்கு 5,000 எழுத்து. சோதனைக்காக வேகத்தை ஏற்றிக்கொண்டே போய் 9,700இல் நாடா கிழிந்து பறந்தது. அதனால் 5,000 போதும் என்று வைத்துக்கொண்டார்கள். 2,400 வால்வு கொண்ட இரண்டாவது வகை 1944 ஜூன் 1 அன்று தயார். நார்மண்டிக் கரையில் படை இறங்கியது ஜூன் 6. போர் முடியும்போது பத்து இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அமெரிக்காவில் கட்டிய எனியாக் வெளியுலகுக்குக் காட்டப்பட்டது 1946 பிப்ரவரி. கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டப்புத்தகம் எழுதியது:

ஐயா அருமையாக எழுதியிருக்கிறார். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்பதை யாரும் தொடவில்லையே.

எனியாக்குக்கான காப்புரிமையை அதைக் கட்டிய ஜான் மாக்லியும் பிரெஸ்பர் எக்கர்ட்டும் 1947இல் கேட்டு விண்ணப்பித்தார்கள், 1964இல்தான் கிடைத்தது. பிறகு அது ஸ்பெர்ரி ராண்ட் என்ற கம்பெனியின் கையில் இருந்தது. கம்ப்யூட்டர் செய்கிற எல்லாக் கம்பெனியும் உரிமத்தொகை கட்ட வேண்டும் என்ற நிலை வந்தபோது ஹனிவெல் என்ற கம்பெனி எதிர்த்தது. மினியாபொலிஸில் வழக்கு. 135 நாள் விசாரணை, 77 சாட்சிகள். 1973 அக்டோபர் 19 அன்று நீதிபதி ஏர்ல் லார்சன் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தார். மாக்லியும் எக்கர்ட்டும் தானியங்கி மின்னணு இலக்கக் கணினியை முதலில் கண்டுபிடிக்கவில்லை, அந்தப் பொருளை ஜான் அடனசாஃபிடமிருந்து பெற்றார்கள் என்று தீர்ப்பு சொல்கிறது. மறுநாளே வாட்டர்கேட் விவகாரத்தில் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராஜினாமா. பத்திரிகைகளில் இதற்கு இடமே இல்லாமல் போனது.

அடனசாஃப் அயோவாவில் இயற்பியல் பேராசிரியர். மாணவர்கள் 29 மாறிகள் உள்ள சமன்பாட்டுத் தொகுதிகளோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர். 1937 கடைசியில் ஒரு குளிர்கால ராத்திரி, யோசனை எதுவும் ஓடாமல் காரை எடுத்துக்கொண்டு 200 மைலுக்கு மேல் ஓட்டி, மிசிசிப்பி ஆற்றைக் கடந்து இல்லினாய்க்குள் போய் ஒரு சாராயக்கடையில் உட்கார்ந்தார். அங்கேதான் எல்லாம் தெளிந்தது என்று பின்னால் சொன்னார்: வால்வு, இரும எண், மின்தேக்கியில் நினைவகம். கல்லூரி கொடுத்தது 650 டாலர். மாணவர் கிளிஃபர்ட் பெரியோடு இயற்பியல் கட்டடத்தின் நிலவறையில் கட்டினார். 1939இல் மாதிரி, 1942இல் முழு இயந்திரம். 1941 ஜூனில் மாக்லி அங்கே போய், அடனசாஃப் வீட்டிலேயே தங்கி, எல்லாவற்றையும் பார்த்து, குறிப்புகளைப் படித்துவிட்டு வந்தார். வழக்கில் இந்தச் சந்திப்புதான் மையம்.

எனவே சட்டப்படி விடை: அடனசாஃப்-பெரி கணினி.

மின்மினி எழுதியது:

தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் எனியாக்கை இந்த இழையில் எல்லோரும் ஓரமாகத் தள்ளுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அடனசாஃப் இயந்திரம் சமன்பாட்டுத் தொகுதி தவிர வேறெதுவும் செய்யாது. இடைவிடைகளை அட்டையில் மின்பொறியால் சுட்டுப் பதித்து மறுபடி படிக்கும் பகுதி கடைசிவரை நம்பகமாக வேலை செய்யவில்லை. எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் போடக்கூடிய, உண்மையில் வருடக்கணக்கில் உழைத்த மின்னணு இயந்திரம் என்றால் அது எனியாக்தான். முதலில் கொடுத்த பெரிய வேலையே லாஸ் அலமோஸ் அணுகுண்டு ஆய்வகத்தின் ஹைட்ரஜன் குண்டுக் கணக்கு. பீரங்கி அட்டவணைக்காகக் கட்டியதை வேறு வேலைக்குத் திருப்ப முடிந்தது என்பதே பெரிய விஷயம். 1955 அக்டோபர் 2 வரை ஓடியது.

18,000க்குச் சற்றுக் குறைந்த வால்வுகள், 30 டன், நொடிக்கு 5,000 கூட்டல். பிரெஸ்பர் எக்கர்ட் அப்போது 24 வயதுக்காரர். ஐயா சொன்ன வால்வுப் பிரச்சினையை அவர் வேறு வழியில் சமாளித்தார்: வால்வுகளுக்கு உரிய மின்னழுத்தத்தைவிடக் குறைவாகவே கொடுத்து மெல்ல எரியவிட்டார். எலி வயரைக் கடித்துவிடுமே என்று, எலிகளைப் பட்டினி போட்டுப் பல வகை வயர்களைக் கூண்டில் போட்டு, எதை அவை சீண்டவில்லையோ அதை வாங்கினார். இந்தக் கவனம்தான் என்னை அவரிடம் இழுத்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் நிரல் எழுதிச் சம்பாதிக்கிறவள். "கம்ப்யூட்டர்" என்பது அந்தக் காலத்தில் ஆளின் பதவிப் பெயர். நம் ஊர் கணக்குப்பிள்ளை மாதிரி. எனியாக் கட்டப்பட்ட பென்சில்வேனியா பல்கலைக்கழக மூர் பள்ளியில் ஏறத்தாழ 80 பெண்கள் அந்த வேலையில் இருந்தார்கள். ஒரு குண்டின் பாதையைக் கையால் கணக்கிட 30, 40 மணி நேரம். அவர்களிலிருந்து ஆறு பேரை எனியாக்குக்கு எடுத்தார்கள்: கே மெக்நல்ட்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். ரகசிய அனுமதி வரும்வரை இயந்திரம் இருந்த அறைக்குள் போக அவர்களுக்கு உரிமை இல்லை. வரைபடங்களைக் கையில் கொடுத்து, இதைப் பார்த்து எப்படி ஓட்டுவதென்று கண்டுபிடியுங்கள் என்றார்கள். கையேடு இல்லை, மொழி இல்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கேபிளை எங்கே செருகுவது, சுவிட்சை எப்படித் திருப்புவது, எந்தத் துடிப்பு எப்போது எங்கே போய்ச் சேரும் என்று எல்லாவற்றையும் தாங்களாகவே கற்றார்கள்.

1946 பிப்ரவரி 15 அன்று விருந்தினர் முன்னால் செய்முறை. முந்தைய நாள் ராத்திரி வரை ஒரு பிழை. குண்டு தரையைத் தொட்டதும் கணக்கு நிற்க வேண்டும். நிற்காமல் மண்ணுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்த பெட்டி ஸ்னைடருக்குத் தூக்கத்தில் விடை தெரிந்தது. காலையில் வந்து ஒரே ஒரு சுவிட்சை ஒரு இடம் தள்ளி வைத்தார். அவ்வளவுதான், சரியாக நின்றது. அன்றைக்கு நிஜக் குண்டு 30 நொடி பறக்கிற பாதையை எனியாக் 20 நொடியில் போட்டுக் காட்டியது. ராத்திரி பெரிய விருந்து. அந்தப் பெண்களுக்கு அழைப்பு இல்லை. பிப்ரவரிக் குளிரில் வீட்டுக்குப் போனார்கள்.

நாற்பது வருஷம் கழித்துக் கேத்தி கிளைமன் என்ற மாணவி பழைய படங்களைப் பார்த்து, இந்தப் பெண்கள் யார் என்று கேட்டபோது, இயந்திரம் அழகாகத் தெரிவதற்காக நிறுத்தி வைத்த மாடல்கள் என்று பதில் வந்தது. அவர் விடாமல் தேடிப் போய் அவர்களையே கண்டுபிடித்தார். தேரடித்தெரு அண்ணா, உங்கள் மகளிடம் இந்த ஆறு பெயர்களையும் சொல்லுங்கள். எனக்கு ஒன்பதாவதில் யாரும் சொல்லவில்லை.

ரிலே_ரூம் எழுதியது:

மின்மினி, நல்ல பதிவு அம்மா. ஒரு சுவிட்ச் ஒரு இடம் தள்ளி என்று படித்ததும் என் கை அறிந்த விஷயமாக இருந்தது.

கொலோசஸ் பொதுக் கணக்குப் போடும் இயந்திரம் இல்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். பிளக், சுவிட்ச் மூலம் வேலையை மாற்றலாம். ஆனால் அதன் வேலை எண்ணிப் பார்ப்பது. செய்தியை முழுதாக அவிழ்ப்பதும் அது இல்லை. சில சக்கரங்களின் தொடக்க இடத்தைப் புள்ளிவிவரத்தால் கண்டுபிடித்துக் கொடுக்கும், மிச்சத்தைப் பக்கத்துப் பிரிவில் மனிதர்கள் கையால் முடித்தார்கள்.

ஆனால் சட்டப்புத்தகம் சாருக்கு ஒரு வார்த்தை. அந்தத் தீர்ப்பு வந்த 1973இல் கொலோசஸ் என்று ஒன்று இருந்ததே வெளியே தெரியாது. பிரிட்டிஷ் அரசு படங்களை வெளியிட்டது 1975இல். கணினி வரலாற்றை ஆராய்ந்த பிரையன் ராண்டல் அதைப் பற்றி விரிவாகப் பேச முடிந்தது 1976இல். 77 சாட்சி வந்த வழக்கில் ஃபிளவர்ஸ் பெயர் வரவே வழியில்லை. அவர் அப்போது ஓய்வுபெற்று, வாய் திறக்க முடியாமல் வீட்டில் இருந்தார். தெரியாத சாட்சியை நீதிபதி எப்படி விசாரிப்பார்?

சட்டப்புத்தகம் எழுதியது:

நியாயம் ஐயா. தேதிகளை இப்படிப் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததில்லை. தீர்ப்பு மாக்லி, எக்கர்ட் காப்புரிமையைப் பற்றியதுதானே தவிர உலக வரலாற்றைப் பற்றியது அல்ல என்று திருத்திக்கொள்கிறேன். அடனசாஃபுக்கும் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. 1942இல் கடற்படை ஆய்வகத்துக்குப் போனார். கல்லூரி காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. இடம் வேண்டும் என்று இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

பாதரசம் எழுதியது:

நான் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பாடம் எடுக்கிறேன். இதுவரை வந்த இயந்திரங்கள் எல்லாவற்றிலும் ஒன்று குறைகிறது: நிரலை நினைவகத்துக்குள்ளேயே வைப்பது. எனியாக்கில் புதிய வேலை என்றால் நாள் கணக்கில் கேபிள் மாற்ற வேண்டும். இதிலிருந்து விடுபட வேண்டும் என்ற பேச்சு அந்தக் குழுவுக்குள்ளேயே நடந்தது. அங்கே ஆலோசகராக வந்த ஜான் வான் நாய்மன் அதை 1945 ஜூனில் ஓர் அறிக்கையாக எழுதினார். ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் அதை நகலெடுத்துச் சுற்றுக்கு விட்டபோது மேலே இருந்தது வான் நாய்மன் பெயர் மட்டும். எக்கர்ட்டும் மாக்லியும் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அவர்கள் கோபம் நியாயம் என்றுதான் நான் வகுப்பில் சொல்கிறேன். இன்றும் "வான் நாய்மன் அமைப்பு" என்று போர்டில் எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும்.

அந்த அறிக்கைக்குப் பிறகு பிரச்சினை நினைவகம்தான். ஆயிரக்கணக்கான எண்களை எங்கே வைப்பது? ஒவ்வொரு பிட்டுக்கும் வால்வு வைத்தால் கட்டுப்படியாகாது. இரண்டு வழி வந்தது, இரண்டுமே ராடார் வேலையிலிருந்து.

ஒன்று பாதரசக் குழாய். கிணற்றடியில் நின்று கத்தினால் எதிரொலி வருகிறதல்லவா? எதிரொலி வந்ததும் அதே சொல்லை மறுபடி கத்து. அது திரும்பியதும் மறுபடி. நீ கத்திக்கொண்டே இருக்கும்வரை அந்தச் சொல் கிணற்றுக்குள் உயிரோடு இருக்கும். ஒன்றரை மீட்டர் குழாயில் பாதரசம், ஒரு முனையில் குவார்ட்ஸ் படிகம் தட்டும், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,450 மீட்டர் வேகத்தில் போய் ஆயிரத்தில் ஒரு நொடியில் மறுமுனை சேரும். அங்கே பிடித்து, சீர்செய்து, மறுபடி இந்த முனைக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சின்ன நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயில் போய்க்கொண்டிருக்கும். வெப்பநிலை மாறினால் ஒலியின் வேகம் மாறும், கணக்கு தவறும்.

இன்னொன்று டிவி குழாய். திரையில் மின்கற்றையால் புள்ளி வைத்தால் அந்த இடத்தில் மின்னூட்டம் கொஞ்ச நேரம் தங்கும். அது கரைவதற்குள் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். மான்செஸ்டரில் ஃபிரெடி வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் இதைச் செய்தார்கள். அந்தக் குழாய் உண்மையில் எண்ணைக் காப்பாற்றுமா என்று சோதிக்கத்தான் ஒரு சின்னக் கணினியே கட்டினார்கள். பெயர் பேபி. 32 சொற்கள், ஒவ்வொன்றும் 32 பிட். 1948 ஜூன் 21 அன்று 17 கட்டளை கொண்ட நிரல் 52 நிமிடம் ஓடி, இரண்டின் 18ஆம் அடுக்குக்கு, அதைவிடச் சிறிய வகுஎண்களில் மிகப் பெரியதைச் சரியாகக் கண்டுபிடித்தது. விடை என்னவென்று எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரியவேண்டியது 52 நிமிடம் அந்தப் புள்ளிகள் அழியாமல் நின்றனவா என்பது. நின்றன.

அடுத்த வருஷம், 1949 மே 6 அன்று, கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸின் எட்சாக் பாதரசக் குழாயை வைத்து வர்க்க எண்களின் அட்டவணையை அச்சடித்தது. எட்சாக் பரிசோதனைப் பொருளாக நிற்கவில்லை, பல்கலைக்கழகத்தில் யார் வேண்டுமானாலும் கணக்கோடு வந்து நிற்கலாம் என்ற நிலைக்கு வந்தது. டேவிட் வீலர் அங்கேதான் துணை நிரல்களைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வில்க்ஸ் ஒரு நாள் படியேறும்போது, தன் மிச்ச வாழ்நாளில் ஒரு நல்ல பகுதி தன் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்று உறைத்ததாக எழுதியிருக்கிறார். என் மாணவர்கள் இரண்டாம் செமஸ்டரில் அந்தப் படியில்தான் நிற்கிறார்கள்.

எனவே என் விடை பேபி. அதோடு ஒன்று: மின்தேக்கியில் இருக்கும் பிட் கரைவதற்குள் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பதை 1942க்கு முன்பே செய்தவர் அடனசாஃப். சுழலும் உருளையில் மின்தேக்கிகளைப் பதித்து ஒவ்வொரு சுற்றிலும் புதுப்பித்தார். இந்தப் பதிவை நீங்கள் படிக்கிற போனில் உள்ள டிராம் (DRAM) நினைவகம் இந்த நொடியிலும் அதையேதான் செய்கிறது.

தேரடித்தெரு எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் போனில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கிணற்று எதிரொலி அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. கேட்கச் சொன்னாள்: நம் நாட்டில் இப்படி யாரும் கட்டினார்களா?

பாதரசம் எழுதியது:

கட்டினார்கள். வாங்கி வைத்ததில் முதலாவது கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனம், 1950களின் நடுவில், இங்கிலாந்திலிருந்து வந்த எச்இசி-2எம் என்ற கணினி. நாமே கட்டியதில் முதன்மையானது பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் டிஃப்ராக். அந்தக் குழுவை நடத்திய ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்து இங்கேயே தொலைத்தொடர்பு படித்தவர். அமெரிக்காவில் மேல்படிப்பு முடித்து 1954இல் அங்கே சேர்ந்தார். இளைஞர்கள் சிலரை வைத்துக்கொண்டு முதலில் மாதிரி ஒன்று, பிறகு 1960 பிப்ரவரியில் முழு இயந்திரம். 2,700 வால்வு, 40 பிட் சொற்கள். நினைவகத்துக்குப் பாதரசமும் இல்லை, டிவி குழாயும் இல்லை, அதற்குள் வந்துவிட்ட காந்த வளையங்கள். கம்பியில் கோத்த சின்னச் சின்ன ஃபெரைட் மணிகள். 1962இல் நேரு அதற்குப் பெயர் சூட்டினார். சில வருஷத்தில் அமெரிக்காவிலிருந்து சிடிசி 3600 என்ற கணினி வந்து இதை ஓரங்கட்டிவிட்டது என்றாலும், டிஃப்ராக்கைக் கட்டிப் பழகியவர்கள் பின்னால் பல இடங்களில் நின்றார்கள்.

பெர்லின்வாசி எழுதியது:

"மின்னணு" என்ற சொல்லைக் கவனிக்காமல் முதல் ஆளாக வந்து நின்றது என் தவறு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஷ்ரேயர் 2,000 வால்வில் ஒரு இயந்திரம் கட்டலாம் என்று ஜெர்மன் ராணுவத்திடம் கேட்டார். இரண்டு வருஷம் ஆகும் என்றார். அதற்குள் நாம் போரை வென்றுவிடுவோமே என்று அனுப்பிவிட்டார்கள். ராட்லி போல ஒரு தலைவர் அங்கே அவருக்குக் கிடைக்கவில்லை.

தேரடித்தெரு எழுதியது:

ரிலே_ரூம் ஐயாவுக்கு மகள் ஒரு கேள்வி கேட்கிறாள். "வால்வை அணைக்கவே கூடாதுன்னா, சண்டை முடிஞ்சப்புறம் யாரு அணைச்சாங்க?"

ரிலே_ரூம் எழுதியது:

பாப்பாவுக்கு,

மேலிடத்து உத்தரவு. பத்தில் எட்டைப் பிரித்துப் போட்டார்கள். இரண்டை மட்டும் உளவுத்துறை தன்னோடு எடுத்துப்போய் 1960 வாக்கு வரை வைத்திருந்தது. வரைபடங்களை அழிக்கச் சொன்னார்கள். ஃபிளவர்ஸ் தன் கையாலேயே டோலிஸ் ஹில் பாய்லர் அடுப்பில் போட்டு எரித்தார். அரசு அவருக்குக் கொடுத்தது 1,000 பவுண்டு. அதையும் கூட வேலை பார்த்தவர்களோடு பங்கு போட்டுக்கொண்டார். பிறகு தொலைபேசி வேலைக்கே திரும்பினார். மின்னணு எக்ஸ்சேஞ்ச் செய்யலாம் என்று அவர் சொன்னபோது, இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பார்த்தவர்களிடம், நான் ஏற்கெனவே செய்திருக்கிறேன் என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. 1993இல், 87 வயதில், ஒரு கல்லூரியில் சாதாரணக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் வாங்கினார்.

அதே 1993இல் டோனி சேல் என்பவர் கொலோசஸை மறுபடி கட்டப் புறப்பட்டார். கையில் இருந்தது 1945இல் எடுத்த எட்டுப் படங்கள், அப்புறம் சில பொறியாளர்கள் உத்தரவை மீறி வீட்டில் வைத்திருந்த சர்க்யூட் துண்டுகள். உதிரிப் பாகத்துக்கு எங்கே போவது? அந்தச் சமயம் இங்கிலாந்தில் பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்துதான் யூனிசெலக்டர் என்ற சுழல் சுவிட்சும் ரிலேவும் வந்தன. 1996 ஜூன் 6 அன்று பிளெட்ச்லி பார்க்கில் அது ஓடியது. ஃபிளவர்ஸ் 90 வயதில் அங்கே நின்று பார்த்தார். இன்னும் இரண்டு வருஷம்தான் இருந்தார்.

நீ எழுதிய விடை சரி என்று உன் வாத்தியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "மின்னணு, இலக்கம், ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, 1944" என்று நான்கு சொல் சேர்த்து எழுதிக் காட்டு. எனியாக்குக்கும் பேபிக்கும் அதே மாதிரி நான்கு சொல் எழுது. அவரும் படிக்கட்டும்.

என்னிடம் ஒரு பழைய 3000 டைப் ரிலே இருக்கிறது. எக்ஸ்சேஞ்சைப் பிரித்த நாளில் நினைவுக்காக வாங்கி வைத்தது. அப்பாவிடம் முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பச் சொல். 9 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் இழுக்கும். காதருகே வைத்துக் கேள். காண்டாக்டை விரலால் மட்டும் தொடாதே, எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொள்ளும்.